செத்த பேட்டரியும் புற்றுச்செல்லும்: இந்த ஒப்புமை எங்கே உடைகிறது?

கேள்வி, ஜனவரி 5

புற்றுச்செல்லுக்குள் ஆற்றல் செய்யும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா என்பது செத்துப்போன பேட்டரி. அதனால்தான் அது சர்க்கரையை நொதிக்க வைத்துப் பிழைக்கிறது. ஜெர்மன் உயிர்வேதியியலாளர் வார்பர்க் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து நோபல் பரிசும் வாங்கிவிட்டார். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும். மின்கலமும் செல்லும் இரண்டுமே எலக்ட்ரான் கணக்குதானே? இரண்டும் தெரிந்தவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

ஜனவரி 5, இரவு

மறுக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் பொத்தான் மின்கலங்களை என் கையால் கட்டி, ஏற்றி, இறக்கி, அவை சாவதைப் பார்த்தவள் நான். பிறகு ஆறு ஆண்டுகளாகப் புற்றுச்செல்களின் மூச்சை அளக்கும் குழுவில் ஆக்சிஜன் உணரிகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் நோபல். ஓட்டோ வார்பர்க்குக்கு 1931இல் பரிசு கொடுத்தது கட்டிக்காக அல்ல. செல் மூச்சுவிட உதவும் நொதியின் இயல்பையும் அது செயல்படும் விதத்தையும் கண்டறிந்ததற்காக. கட்டி பற்றிய வேலை தனி. 1920களில் பெர்லினில் கட்டியின் மெல்லிய சீவல்களைக் குடுவையில் இட்டு, வாயு அழுத்தம் மாறுவதை வைத்து அவர் அளந்தார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் கட்டி குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருந்தது. அந்த அளவீட்டை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை. செல்லின் மூச்சு மீளாதபடி பழுதாகிவிட்டது என்று 1956இலும் எழுதினார்.

பழுதாகவில்லை. பெரும்பாலான புற்றுச்செல்களில் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்கிறது. வாரந்தோறும் இதைத் திரையில் பார்க்கிறேன். ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்யும் நொதியை அடைக்கும் ஒலிகோமைசினை விட்டால் ஆக்சிஜன் நுகர்வு இறங்குகிறது. சவ்வின் வழியே புரோட்டானைக் கசியவிடும் மருந்தைச் சேர்த்தால் தொடங்கிய இடத்துக்கும் மேலே ஏறுகிறது. மூச்சையே அடைக்கும் ரோட்டெனோனும் ஆன்டிமைசினும் சேர்ந்தால் படுத்துவிடுகிறது. செத்த பேட்டரியை எப்படித் தூண்டினாலும் அதில் ஏற்றம் வராது. இங்கே கேட்டால் கேட்ட அளவுக்குக் கொடுக்கும் இருப்பு மிச்சமிருக்கிறது.

நொதித்தலில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி, முழுவதும் எரித்தால் 36. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "இத்தனை நட்டத்தில் ஏன் ஓடுகிறது, பழுதாகத்தான் இருக்க வேண்டும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது ஆற்றலை மட்டுமே பார்க்கும் கணக்கு.

ஜனவரி 6, காலை

36 என்று எழுதியது பழைய பாடநூல் எண். ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறான என்ஏடிஎச் ஒன்றுக்கு 3 ஏடிபி என்று முழு எண்ணாகக் கணக்கிட்ட காலத்தின் மிச்சம் அது. இன்று 2.5 என்று கொள்கிறோம். மொத்தம் 30 முதல் 32. வாதம் மாறவில்லை, எண் மாறுகிறது.

ஜனவரி 6, இரவு

சர்க்கரை பற்றி நேற்று எழுதாமல் விட்டேன். எழுதினால் கோபம் வரும் என்று தெரிந்துதான் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

என் அத்தைக்குக் குடல் புற்றுநோய் வந்தபோது, கட்டியைப் பட்டினி போடலாம் என்று ஒருவர் சொல்ல, அவர் சர்க்கரையை நிறுத்தினார். பிறகு பழத்தை. பிறகு மாவுப்பொருள் எல்லாவற்றையும். இரண்டு மாதத்தில் உடல் எடை சரிந்தது. அடுத்த சுற்று மருந்தைத் தாங்கும் தெம்பு இல்லை என்று சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். கட்டி பட்டினி கிடக்கவில்லை. அத்தைதான் கிடந்தார்.

காரணம் எளியது. நாம் சர்க்கரையைத் தொடாவிட்டாலும் உடல் குருதியின் குளுக்கோஸைக் கீழே விடாது. கல்லீரல் சேமிப்பிலிருந்து எடுக்கும். அது தீர்ந்தால் தசைப் புரதத்திலிருந்து புதிதாகச் செய்யும். மூளையைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. மூளைக்குப் போகும் அதே குருதிதான் கட்டிக்கும் போகிறது. தசை கரைவது புற்றுநோயாளிக்கு ஏற்கெனவே இருக்கும் ஆபத்து. நாமாக அதைக் கூட்டக் கூடாது. உணவுக்கும் கட்டிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட மருந்தோடு குறிப்பிட்ட உணவுமுறையைச் சேர்த்துச் சோதிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் அவை மருத்துவரின் கண்காணிப்பில், எடையை நிறுத்துப் பார்த்து நடப்பவை.

அத்தை பிறகு தேறினார். அந்த இரண்டு மாதம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 9

"பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிகிறதே, அதுவே சான்று இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டி குளுக்கோஸை அதிகமாக இழுக்கிறது என்பதற்குச் சான்று. மைட்டோகாண்ட்ரியா செத்துவிட்டது என்பதற்குச் சான்று அல்ல. ஸ்கேனுக்கு முன் ஏற்றுவது எஃப்டிஜி. குளுக்கோஸின் ஒரு ஆக்சிஜனை எடுத்துவிட்டு அங்கே கதிரியக்க ஃப்ளூரினை வைத்த மூலக்கூறு. அந்த ஃப்ளூரினின் அரை ஆயுள் 110 நிமிடம். செல் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்து, ஒரு பாஸ்பேட்டை மாட்டுகிறது. அடுத்த படிக்குத் தேவையான ஆக்சிஜன் அந்த இடத்தில் இல்லை. மாட்டிய பாஸ்பேட்டோடு வெளியேறவும் முடியாது. அங்கேயே தங்கி ஒளிர்கிறது. நமக்குத் தெரிவது எரிந்த சர்க்கரை அல்ல, வாசலில் சிக்கிய சர்க்கரை.

அதே படத்தில் மூளையும் ஒளிரும். சிறுநீர்ப்பையும் ஒளிரும். கிருமித்தொற்று இருந்தால் அந்த இடமும் ஒளிரும். மறுபக்கம், புராஸ்டேட் கட்டிகள் பல இதில் சரியாகத் தெரிவதே இல்லை; அவற்றுக்கு வேறு தடங்காட்டி வேண்டும். எல்லாப் புற்றுக்கும் ஒரே பசி கிடையாது.

ஜனவரி 10

நேற்றிரவு படுத்த பிறகு தோன்றியது. நம் மொழியில் மெட்டபாலிசத்துக்கு இருக்கும் சொல் "வளர்சிதை மாற்றம்". வளர்வதும் சிதைவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இந்த இழையின் கேள்வி சிதைவை மட்டும் பார்க்கிறது: எரித்தால் எவ்வளவு, நொதித்தால் எவ்வளவு. புற்றுச்செல்லின் வேலையோ வளர்வது. ஒன்று இரண்டாக வேண்டுமென்றால் சவ்வு, டிஎன்ஏ, புரதம் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டும். குளுக்கோஸ் அதற்கு விறகு மட்டும் அல்ல, செங்கலும்கூட. எல்லாவற்றையும் எரித்துவிட்டால் எதை வைத்துக் கட்டுவது?

பால்மிடிக் அமிலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், சவ்வுக்கு வேண்டிய கொழுப்பு. அதைக் கட்ட இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் அலகு 8, 7 ஏடிபி, 14 என்ஏடிபிஎச் வேண்டும். ஏடிபி செலவு அற்பம். ஒரே குளுக்கோஸை முழுவதும் எரித்தால் அதைப்போல நான்கு மடங்கு வந்துவிடும். கார்பனும், எலக்ட்ரான் சுமக்கும் என்ஏடிபிஎச்சும்தான் தட்டுப்பாடு. ஆக்சிஜன் இருந்தும் கட்டி நொதிப்பதை வார்பர்க் விளைவு என்பார்கள்; 2009இல் இந்தப் பார்வையை வைத்து அதை மறுபடி விளக்கினார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தத் துறை புரியத் தொடங்கியது.

(எலக்ட்ரான் என்ற சொல் இங்கே வந்துவிட்டதை நானும் கவனிக்கிறேன். உங்கள் "எலக்ட்ரான் கணக்கு" வாக்கியத்துக்கு இன்னொரு நாள் வருகிறேன்.)

ஜனவரி 14

பேட்டரி ஒப்புமையை ஏன் ஏற்கவில்லை என்று இன்னும் சொல்லவில்லை. மின்கலம் மூடிய கலம். உயிரணு திறந்த கலம்.

லித்தியம் அயனி மின்கலத்தை ஆலையில் மூடும்போது உள்ளே எவ்வளவு லித்தியம் இருந்ததோ அவ்வளவுதான் அதன் ஆயுள் முழுவதற்கும். முதல் ஏற்றத்திலேயே ஒரு பங்கு போய்விடுகிறது. கிராஃபைட்டின் மேல், அயனிகளைச் சுமக்கும் திரவமான மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் லித்தியம் அயனியை விடும், எலக்ட்ரானை விடாது. அது இல்லாவிட்டால் மின்பகுளி சிதைந்துகொண்டே இருக்கும். அது உருவாக லித்தியம் செலவாகும். அதன்பின் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் படலம் எங்கோ விரிசல் விட்டு, மறுபடி வளர்ந்து, இன்னும் சிறிது லித்தியத்தை விழுங்கும். மின்கலத்தின் முதுமை பெரும்பாலும் இதுதான்.

செல் எதையும் அப்படிப் பூட்டிவைப்பதில்லை. உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி சுமார் நூறு கிராமுக்கு மேல் போகாது. ஆனால் ஒரு நாளில் அதைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பல பத்து கிலோ செலவழிக்கிறோம். ஏடிபி சேமிப்பு அல்ல, புழக்கம். கழிவு என்று நாம் நினைத்த லாக்டேட்டும் (முன்பு சொன்ன லாக்டிக் அமிலம்தான்) அப்படியே. 2017இல் நுரையீரல் கட்டி உள்ள நோயாளிகளிடம் குறியிட்ட லாக்டேட்டைச் செலுத்திப் பார்த்தபோது, அந்தக் கட்டிகள் அதையும் உள்ளே இழுத்து எரிபொருளாக்கிக்கொண்டிருந்தன. ஒரு செல் துப்பியதை இன்னொன்று உண்கிறது. பூட்டிய உருளைக்குள் இதற்கு இணையாக எதுவும் நடப்பதில்லை.

ஜனவரி 15

"மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வும் நீங்கள் சொன்ன படலமும் ஒன்றுதானே அக்கா?" அல்ல. படலம் விபத்தாக உருவான காப்பு. உள்சவ்வு கட்டப்பட்ட அணை. அதன் இரு பக்கமும் ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் வேறுபாடு. சிறிய எண்ணாகத் தெரியும். சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 3 கோடி வோல்ட். 1961இல் பீட்டர் மிட்செல் இந்த வேறுபாட்டிலிருந்துதான் ஏடிபி உருவாகிறது என்றபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்த எண்ணை முதன்முதல் நானே வகுத்துப் பார்த்த நாளில் வேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 22

ஒரு வாரம் எழுத முடியவில்லை. இடையில் பழைய ஆய்வகக் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். இந்த இரண்டு துறைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு என்று இப்போது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அது எலக்ட்ரான் அல்ல. இரண்டிலும் நாம் செய்யும் ஒரே வகைத் தவறு.

மின்கலத்தில் தொடங்குகிறேன். புதிய நேர்மின்முனைப் பொருள் ஒன்றைச் சோதிக்க, ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பொத்தான் மின்கலம் கட்டுவோம். ஒரு பக்கம் நம் பொருள். மறுபக்கம் லித்தியத் தகடு. என் தகட்டின் தடிமன் 250 மைக்ரோமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 மில்லியாம்பியர்-மணி மின்னூட்டத்துக்குத் தேவையான லித்தியம் சுமார் 5 மைக்ரோமீட்டர்தான். என் பொருள் அந்த அளவுதான் கேட்டது. ஆக, தேவையைப் போல ஐம்பது மடங்கு லித்தியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "என் மின்கலம் நெடுநாள் உழைக்கிறது" என்று எழுதினேன். ஒவ்வொரு சுற்றிலும் லித்தியம் வீணாகிக்கொண்டிருந்தது, தகடு அந்த இழப்பைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. மின்பகுளியும் அப்படியே. விற்பனைக்கு வரும் மின்கலத்தில் ஓர் ஆம்பியர்-மணிக்கு 3 கிராம் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் ஊற்றுவார்கள். நாங்கள் பொத்தான் மின்கலத்தில் அதைப்போலப் பல மடங்கு ஊற்றினோம்.

சில நூறு சுற்றுகளைத் தாண்டிய அதே பொருளை, லித்தியத் தகட்டுக்குப் பதில் அளவாக வைத்த கிராஃபைட்டோடு சேர்த்து முழு மின்கலமாகக் கட்டியபோது அது அறுபதாவது சுற்றுக்குள் சரிந்தது. பொருள் மாறவில்லை. பக்கத்தில் இருந்த மிகுதி போய்விட்டது.

இப்போது செல் வளர்க்கும் தட்டுக்கு வாருங்கள். செல்களுக்கு உணவாக ஊற்றும் திரவத்தை ஊடகம் என்போம். பரவலாகப் பயன்படும் டிஎம்இஎம் ஊடகத்தின் உயர் குளுக்கோஸ் வகையில் குளுக்கோஸ் லிட்டருக்கு 25 மில்லிமோல். வெறும் வயிற்றில் நம் குருதியில் சுமார் 5. குளூட்டமின் என்ற அமினோ அமிலம் ஊடகத்தில் 4 மில்லிமோல், குருதியில் அரை மில்லிமோல் சுற்றி. இந்தத் தட்டில் வளர்த்துவிட்டு "இந்தச் செல்லுக்கு இந்த நொதி தேவையில்லை", "இந்த மருந்து கொல்கிறது" என்று எழுதுகிறோம். ஐம்பது மடங்கு லித்தியம் செய்த அதே வேலையை இங்கே ஐந்து மடங்கு குளுக்கோஸ் செய்கிறது. இழப்பை மறைக்கிறது.

மிகுதி மட்டுமல்ல, இல்லாமையும் ஏமாற்றும். 2017இல் மனிதக் குருதி நீர்மத்தின் சேர்மங்களை அதே அளவில் வைத்து ஓர் ஊடகம் செய்தார்கள். வழக்கமான ஊடகங்களில் யூரிக் அமிலம் கிடையாது. மனிதக் குருதியில் உண்டு, எலியில் இருப்பதைவிட மிக அதிகமாகவே. அந்த ஊடகத்தில் வளர்த்தபோது யூரிக் அமிலம் ஒரு நொதியைத் தடுத்தது. 5-ஃப்ளூரோயுராசில் என்ற பழைய புற்று மருந்தின் தாக்கம் குறைந்தது. பல்லாண்டுகளாக நோயாளிகளுக்குக் கொடுத்துவரும் மருந்து அது. தட்டில் ஒரு சேர்மத்தை வைக்காததால் இத்தனை காலம் இது கண்ணில் படவில்லை. என் அத்தைக்கு ஏற்றியதும் அந்த வகை மருந்துதான். இதை முதலில் படித்த மாலையில் என்னால் வேறு எதையும் செய்ய முடியவில்லை.

ஜனவரி 23

லித்தியம் வீணாவது எவ்வளவு சிறியது, எவ்வளவு பெரியது என்று காட்ட ஒரு கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றிய மின்னூட்டத்தில் 99.9 விழுக்காடு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. 1000 சுற்றுக்குப் பிறகு மிச்சம் 37 விழுக்காடு. 99.99 என்றால் 90. நான்காவது ஒன்பதில்தான் ஒரு தொழிலே நிற்கிறது. பொத்தான் மின்கலத்தில் தகடு ஈடுகட்டுவதால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

ஜனவரி 24

நேற்றைய கணக்கைத் திருத்துகிறேன். திரும்பாத மின்னூட்டம் அத்தனையும் லித்திய இழப்பு என்று நான் எடுத்துக்கொண்டது மிகை. நேர்மின்முனையில் மின்பகுளி ஆக்சிஜனேற்றம் அடைவது போன்ற பக்க வினைகளும் அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும். அவற்றால் லித்தியம் அதே அளவில் நிரந்தரமாகக் குறைவதில்லை. ஆகவே 37 என்பது எல்லாம் இழப்பாகவே போனால் வரும் எண். திசை சரி, அதை முன்கணிப்பாகக் கொள்ளாதீர்கள்.

ஜனவரி 29

இன்னொரு மறுயோசனை. தட்டில் ஆக்சிஜனும் மிகுதி என்று ஜனவரி 22இல் எழுத நினைத்து, இடமில்லாமல் விட்டேன். எழுதாதது நல்லதாயிற்று. அடைகாப்பான் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் ஆக்சிஜன் 18 விழுக்காட்டுக்கு மேல் என்பது உண்மை. உடலின் திசுக்களில் அதைவிட மிகக் குறைவு, கட்டியின் உள்ளே இன்னும் குறைவு. ஆனால் செல்கள் தட்டின் அடியில், சில மில்லிமீட்டர் ஊடகத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நெருக்கமாக வளர்ந்து வேகமாக மூச்சுவிட்டால், மேலிருந்து கரைந்து வரும் ஆக்சிஜன் போதாது. மேலே மிகுதி, அடியில் பஞ்சம். என் உணரியை மேற்பரப்பிலிருந்து மெல்ல இறக்கி இதை நானே பார்த்திருக்கிறேன். எவ்வளவு கொடுத்தோம் என்பது ஒரு கேள்வி. செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. மின்கலத்தில் தடித்த மின்முனையின் அடிப்பகுதிக்கு வேகமான ஏற்றத்தில் லித்தியம் அயனி போய்ச் சேராததும் இதே சிக்கல்தான்.

பிப்ரவரி 3

சற்று விலகிப் போகிறேன். 2019 அக்டோபர் 7 அன்று மருத்துவ நோபல் அறிவித்தார்கள்: கேலின், ராட்கிளிஃப், செமன்சா. செல் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்கிறது என்பதற்காக. இரண்டு நாள் கழித்து வேதியியல் நோபல்: குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ. லித்தியம் அயனி மின்கலத்துக்காக. குடினஃபுக்கு அப்போது வயது 97. நான் மின்கலத்தை விட்டு இங்கே வந்த புதிது. ஒரே வாரத்தில் என் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் விளக்கு வைத்தது போல இருந்தது.

மருத்துவப் பரிசு இந்த இழைக்கு நேரடியாக வேண்டியது. ஆக்சிஜன் குறைந்தால் எச்ஐஎஃப் என்ற புரதம் நிலைத்து, குளுக்கோஸை இழுக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. சில சிறுநீரகப் புற்றுகளில் இந்தப் புரதத்தை அழிக்கும் ஏற்பாடு உடைந்துவிடுகிறது. ஆக்சிஜன் இருந்தும் செல் இல்லாதது போலவே நடந்துகொள்கிறது. அங்கே உடைந்தது பேட்டரி அல்ல, அதைக் கண்காணிக்கும் மானி. அந்தப் புரதத்தைத் தடுக்கும் பெல்சுடிஃபன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2021இல் ஒப்புதல் கிடைத்தது.

பிப்ரவரி 4

இன்னும் ஒரு விலகல். டாக்சோரூபிசின் தெரியுமா? செந்நிறப் புற்று மருந்து, நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அதன் நடுவில் இருப்பது ஆந்த்ராகுவினோன் சட்டகம். 2014இல் ஹார்வர்டில் செய்த, திரவங்களைப் பாயவிட்டு இயங்கும் பாய்வு மின்கலத்தில் எலக்ட்ரான்களை வாங்கி வைத்துக் கொடுத்ததும் ஓர் ஆந்த்ராகுவினோன்தான். எலக்ட்ரானை வாங்குவது, விடுவது, மறுபடி வாங்குவது: மின்கலத்தில் அது வேண்டிய குணம். இதயத் தசைக்குள் அதே குணம் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து, சூப்பராக்சைடு என்ற கேடு செய்யும் ஆக்சிஜன் வடிவை உண்டாக்குகிறது. அந்த மருந்து இதயத்துக்கு இழைக்கும் கேட்டுக்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. லித்தியம்-ஆக்சிஜன் மின்கலத்தில் மின்பகுளியை அரிக்கும் எதிரியும் சூப்பராக்சைடுதான். 1969இல் அதை அழிக்கும் நொதியை உயிர்வேதியியலாளர்கள் கண்டார்கள். மின்கலக்காரர்கள் அதே எதிரியோடு பின்னாளில் தனியாக மல்லுக்கட்டினார்கள். ஒருவர் மேசைக்கு இன்னொருவர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

மேசை மாறியவர் ஒருவர் உண்டு. இந்தியாவில் பிறந்த உயிர்வேதியியலாளர் எலப்பிரகட சுப்பாராவ். 1925இல் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறையைத் தந்தார். அந்த முறையின் வழியே, தசையின் ஆற்றல் சேமிப்பான பாஸ்போகிரியேட்டினும், 1929இல் ஏடிபியும் கையில் கிடைத்தன. பிறகு மருந்து நிறுவனத்துக்குப் போய், ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் அமினோப்டெரினை அவருடைய குழு செய்தது. 1947இன் இறுதியிலிருந்து சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுள்ள குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948இல் முடிவை வெளியிட்டார். தற்காலிகமாகவேனும் நோய் பின்வாங்கியது. வளர்சிதை மாற்றத்தைக் குறிவைத்த சிகிச்சை அங்கேதான் வேர்விட்டது. வார்பர்க்கின் பெயர் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் இவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பிப்ரவரி 11

"அப்படியானால் மின்கலத்தையே கட்டிக்குள் வைக்கலாமே?" வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2023இல் ஷாங்காயின் ஃபுதான் பல்கலைக்கழகக் குழு, உடலின் உப்பு நீரையே மின்பகுளியாகக் கொண்டு, துத்தநாகமும் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கும் மின்முனைகளாகச் சிறு மின்கலம் செய்து எலிகளின் கட்டிக்குள் பொருத்தியது. அது சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்றது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டும் நஞ்சாகும் டிரபசமின் என்ற மருந்தைக் கூடவே கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின.

அழகான யோசனை. ஆனால் எலி. அதே மருந்தைக் கதிர்வீச்சோடும் வேறு மருந்தோடும் சேர்த்துத் தலை, கழுத்துப் புற்று நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. மின்கலம் இந்தக் குறையை நிரப்புமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எலித் தோலுக்கடியில் வளர்த்த கட்டி என்பதும் ஒருவகைப் பொத்தான் மின்கலம்தான். எட்டும் இடத்தில், நாம் முடிவு செய்த அளவில், ஒன்றே ஒன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவருக்கு ஒரு கடன் பாக்கி. "இரண்டுமே எலக்ட்ரான் கணக்குதானே" என்ற உங்கள் வாக்கியத்தை ஜனவரி 22இல் தள்ளினேன். தவறு செய்துவிட்டேன். உங்கள் வாக்கியமும் என் மிகுதி வாதமும் ஒரே புட்டியில் சந்திக்கின்றன. புட்டியின் பெயர் பைருவேட், குளுக்கோஸ் உடைந்து வரும் சிறு மூலக்கூறு.

1989 முதலே தெரிந்த செய்தி இது. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை இழந்து மூச்சுவிட முடியாத செல்களைத் தட்டில் வளர்க்கலாம், ஊடகத்தில் பைருவேட்டும், ஆர்என்ஏவின் கட்டுமானப் பொருளான யூரிடினும் இருந்தால். பைருவேட் ஏன் வேண்டும் என்பது 2015இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் துலங்கியது. பெருகும் செல்லுக்கு அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் வேண்டும். அது இல்லாமல் டிஎன்ஏவின் எழுத்துகள் இல்லை. அஸ்பார்டேட் செய்யும் வழியில் எலக்ட்ரான்கள் கழற்றப்படுகின்றன. கழற்றிய எலக்ட்ரானை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். மூச்சுவிடும் செல்லில் அதை ஆக்சிஜன் வாங்குகிறது. மூச்சை நிறுத்தினால் வாங்க ஆள் இல்லை. எல்லாம் தேங்கி, பெருக்கம் நிற்கிறது. வெளியிலிருந்து பைருவேட் கொடுத்தால் அது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு லாக்டேட்டாகி வெளியேறுகிறது. செல் பிழைக்கிறது.

ஆக, பெருகும் செல்லுக்கு மூச்சு தேவைப்படுவது ஏடிபிக்காக என்பதைவிட, எலக்ட்ரானை இறக்கி வைக்க ஓர் இடத்துக்காக. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பேட்டரி ஒப்புமைக்கு உயிர் வருகிறது. மின்கலத்திலும் எதிர்மின்முனை எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாலும், மறுமுனையில் வாங்க இடம் இல்லாவிட்டால் ஒரு எலக்ட்ரானும் நகராது. நீங்கள் "செத்த பேட்டரி" என்று சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி மிகுதி. டிஎம்இஎம் ஊடகத்தின் பல வகைகளில் பைருவேட் 1 மில்லிமோல் ஏற்கெனவே கலந்தே வருகிறது. குருதியில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நம்மில் எத்தனை பேர் மூச்சைத் தடுக்கும் ஒரு மருந்தை அந்த ஊடகத்தில் சோதித்துவிட்டு, "புற்றுச்செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா தேவையில்லை, பாருங்கள், தடுத்தும் வளர்கிறது" என்று முடிவு கட்டினோம்? நான் கட்டியிருக்கிறேன். குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஊடகத்தின் பெயரை எழுதியிருக்கிறேன், பைருவேட் உண்டா இல்லையா என்று எழுதவில்லை.

அதே செல்களை நாளை உருக்கி எடுக்கிறேன்.

மார்ச் 4

மூன்று தட்டுகள், மூன்றிலும் அதே ரோட்டெனோன், மூன்றிலும் குளுக்கோஸ் 5 மில்லிமோல். முதல் தட்டில் பைருவேட் உண்டு: வளர்ந்தன, சற்று மெதுவாக. இரண்டாவதில் பைருவேட் இல்லை: செல்கள் சாகவில்லை, ஆனால் ஐந்து நாளாக எண்ணிக்கை கூடவே இல்லை. மூன்றாவதில் பைருவேட்டுக்குப் பதிலாக அஸ்பார்டேட்: மறுபடி பெருகத் தொடங்கின.

அந்த மூன்றாவது தட்டில் அஸ்பார்டேட்டைக் குருதியில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் கொட்ட வேண்டியிருந்தது. அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. மிகுதியைக் குறை சொல்லி இவ்வளவு எழுதிவிட்டு மிகுதியைத்தான் பயன்படுத்தினேன். இந்த முறை அளவையும் காரணத்தையும் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிவைத்தேன். அடுத்து எண்ணும் நாள் வியாழன்.